நல்ல வார்த்தை சொன்னவள்

மற்றவர்களுடைய கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. பள்ளிக்கூடம், நர்சிங் ஹோம், ஆடிட்டர் ஆபீஸ், ஓசூர் ரோட்டில் ஒரு பூ ஏற்றுமதிக் கம்பெனி என்று, சொந்தமாகக் கம்ப்யூட்டர் ஆட்களை வைத்துக்கொள்ள முடியாத இடங்கள் எங்களிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. அவர்களுடைய சர்வர் நின்றால், பிரிண்டர் முரண்டு பிடித்தால், யாராவது பாஸ்வேர்டை மறந்தால் எங்களுக்குத்தான் போன் வரும். பெங்களூர் இந்திராநகரில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஜோகுபாளையத்து வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். கல்யாணத்துக்கு முன்னால் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் நின்றுகொண்டே வந்துபோனவள் நான். நடந்து போகிற தூரத்தில் வேலை கிடைத்ததையே பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் முதலாளியின் குடும்பம் பல தலைமுறைகளுக்கு முன்பே பெங்களூருக்கு வந்தது. அவர் அப்பா விதான சௌதாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சார் பேசுகிற தமிழில் கன்னடம் தாராளமாகக் கலந்திருக்கும். நல்ல மனிதர். ஆனால் எதையும் எழுதிவைக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. எங்களுக்கும் இல்லை. யாருக்கு எது தெரியுமோ அது அவரவர் தலைக்குள் இருந்தது.

அதன் விலை என்னவென்று, எங்களிடம் ஐந்தாறு வருஷம் இருந்த ஒரு இஞ்சினியர் துபாய்க்குப் போனபோது தெரிந்தது. அவர் போன பிறகுதான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த நர்சிங் ஹோமின் நெட்வொர்க் நின்றது. எந்தப் பெட்டி எதோடு சேர்ந்திருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவருக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பிடுங்கி நான் சோதித்துக்கொண்டிருந்தேன். வெளியே பில் போட முடியாததால் நோயாளிகளின் வீட்டார் வரிசையில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "உங்க கம்பெனிக்கே தெரியலேன்னா வேற யாருக்கு மேடம் தெரியும்?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான்.

அதற்குப் பிறகுதான் சார் ஒரு மென்பொருளை வாங்கினார். அதில் இரண்டு பாகம். ஒரு பாகம் எல்லா இடத்துக் கம்ப்யூட்டர்களையும் கவனித்துக்கொண்டிருக்கும். எங்காவது கோளாறு என்றால் அலர்ட் என்று ஒரு எச்சரிக்கை அனுப்பும். இன்னொரு பாகத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளரைப் பற்றியும் நமக்குத் தெரிந்ததையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவைக்கலாம்.

எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதலில் சலிப்பாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது. ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்து, படம் எடுத்து, கேட்டு எழுதினேன். எந்த வயர் எங்கே போகிறது என்பது மட்டுமில்லை. ‘மாடிப்படிக்குக் கீழே மரக்கதவு. தாழ்ப்பாளைச் சற்று மேலே தூக்கி இழுத்தால்தான் திறக்கும்.’ ‘சாவி வாட்ச்மேனிடம் இல்லை, கேண்டீன்காரரிடம் இருக்கிறது.’ ‘பெரிய டாக்டருக்கு மதியம் போன் செய்ய வேண்டாம், அவர் மனைவிக்குச் செய்யவும்.’ இப்படியெல்லாம் எழுதினேன். ஒருநாள் அதே நர்சிங் ஹோமில் பில்லிங் நின்றது. வேலைக்குச் சேர்ந்து சில நாட்களே ஆன ஒரு பெண் என் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், போனிலேயே சரி செய்துவிட்டாள். நான் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அந்த வாரம்தான் மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வாடிக்கையாளர்களின் அனுபவத்தைக் கேட்டு எழுதுவது அவள் வேலை. மதுரைப் பக்கத்துப் பெண், கலகலப்பாகப் பேசினாள். "எப்படி இருக்கு மேடம் எங்க டூல்?" என்றாள்.

"முன்னாடியெல்லாம் ஒரு ஆள் போனா எங்க கம்பெனியில பாதி அறிவு கூடவே போயிடும். இப்ப யார் போனாலும் அது இங்கயே இருக்கு," என்றேன்.

அவள் உடனே, "மேடம், இதை இன்னொரு தடவை சொல்றீங்களா? ரெக்கார்டிங் போடறேன்," என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு போட்டோகிராபரோடு நேரிலேயே வந்தாள். என்னை ஜன்னலோரம் நிற்கவைத்தார்கள். கைகளைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அதே வாக்கியத்தைச் சொல்லவைத்து வீடியோவும் எடுத்தார்கள். சுடிதார் மட்டும் போதாது என்று, கீழே பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருந்தவளின் கோட்டை வாங்கி மாட்டிவிட்டார்கள். அது எனக்குத் தோளில் பிடித்தது. படத்தில் நான் தன்னம்பிக்கையோடு நிமிர்ந்து நிற்பதாக எல்லோரும் சொன்னார்கள். தோளை அசைக்க முடியாமல்தான் அப்படி நின்றேன்.

அந்தப் படமும் நான் சொன்ன வாக்கியமும் அவர்களுடைய இணையதளத்தின் முதல் பக்கத்தில் வந்தன. என் கணவர் அதைச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, மாதா கோயிலில் பாடும் குழுவில் இருக்கும் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "டிவியில வருவியாமே?" என்று கேட்டார். அப்படியில்லை என்று விளக்கப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

சார் என்னைக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். அந்தக் கம்பெனி நமக்கு நல்ல சலுகை தந்திருக்கிறது. பதிலுக்கு மூன்று வருஷ ஒப்பந்தம். அதோடு, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் மற்ற கம்பெனிக்காரர்கள் யாராவது கேட்டால், நம் அனுபவத்தைப் போனில் சொல்ல வேண்டும்.

"யார் சார் சொல்லணும்?"

"உன் போட்டோதானேம்மா இருக்கு. நீ பேசினாத்தான் நம்புவாங்க."

வாரத்துக்கு ஒருவர் இரண்டு பேர் என்று வர ஆரம்பித்தார்கள். புனே, கொச்சி, ஜெய்ப்பூர், ஒருமுறை நைரோபியிலிருந்துகூட ஒருவர். மீட்டிங் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசுவேன். மதுரைப் பெண் எப்போதும் அழைப்பில் இருப்பாள். ஆரம்பத்தில் எனக்கு அது பிடித்திருந்தது. எங்கோ இருக்கும் ஒருவர் நான் பட்ட பாட்டையே பட்டுக்கொண்டிருப்பார். கேட்கிறபோதே எனக்குப் புரியும். நான் சொல்வது அவருக்குப் புரியும். நர்சிங் ஹோம் அலமாரிக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

அடுத்த வருஷம் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. இரண்டு பாகங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். பழையது வேண்டும் என்றால் கிடையாது. ஒரு பக்கத்தைத் திறக்க முன்னைவிட நேரமானது. தேடினால் வேறு எதையோ காட்டியது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அலர்ட்களைத்தான் தாங்க முடியவில்லை. பிரிண்டரில் மை குறைந்தால் அலர்ட். யாராவது மதியம் லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனால் அலர்ட். சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால் இன்னொன்று. எல்லாம் ஒரே சிவப்பில் வந்தன. எதை அணைத்தாலும் அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்தது. பூசையில் முட்டி போட்டிருக்கும்போது கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். என் மகள் அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

சப்போர்ட்டுக்கு எழுதினேன். நன்றி, உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம் என்று பதில் வந்தது. ஒருமுறை போனில் பேசிய பையன், "மேடம், நீங்க அந்த வெப்சைட்ல இருக்கற மேடம்தானே? எங்க டிரெய்னிங்ல உங்க வீடியோதான் காட்டுவாங்க," என்றான். அதற்குப் பிறகு அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து, மதிப்பெண்களையெல்லாம் டீச்சர்கள் சர்வரில் ஏற்றியிருந்தார்கள். ஒருநாள் காலையில் அந்தச் சர்வரின் டிஸ்க் போய்விட்டது. தினமும் தானாக நகல் எடுக்கும் பேக்கப்பில் இருக்கும் என்று தைரியமாகத் திறந்தோம். பேக்கப் பல நாட்களாக நடக்கவே இல்லை. நடக்கவில்லை என்று அலர்ட் வந்திருந்தது. தினமும் வந்திருந்தது. பிரிண்டர் மைக்கும் மூடிய லேப்டாப்புக்கும் நடுவே அது கிடந்தது. எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

நானே நேரில் போனேன். தலைமையாசிரியை கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். கத்தவில்லை. என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க சாப்ட்வேர் சொல்லலியாம்மா?"

"சொல்லிச்சு மேடம்."

"அப்புறம்?"

"நிறைய சொல்லிச்சு."

அவர் பியூனைக் கூப்பிட்டு, எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் விடைத்தாள்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தாள்களை ஏற்கெனவே வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். நன்றாக எழுதியவர்களின் தாள்கள் சீக்கிரம் வந்துவிடும், மற்றவை தொலைந்துபோயிருக்கும் என்று ஒரு டீச்சர் வெறுப்பாகச் சொன்னார். அப்படித்தான் நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். டீச்சர்கள் மறுபடி உட்கார்ந்து மதிப்பெண்களை அடித்துக்கொண்டிருந்த அறையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஒருவரும் தலை நிமிரவில்லை.

மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது மதுரைப் பெண்ணின் மெசேஜ் காத்திருந்தது. அன்றைக்கு ஒரு அழைப்பு இருந்ததை மறந்தே போயிருந்தேன். "ரெண்டு நிமிஷத்துல ஜாயின் பண்ணுங்க மேடம், கோயம்புத்தூர் பார்ட்டி, தமிழ்லயே பேசலாம்."

கோயம்புத்தூர்க்காரர் ஒரு பெண்மணி. தம்பியோடு சேர்ந்து எங்களைப் போலவே ஒரு சின்ன கம்பெனி நடத்துகிறார். மில்களும் பவுண்டரிகளும் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். நிதானமாகக் கேட்டார். நானும் பதில் சொன்னேன். நர்சிங் ஹோம் கதையை அன்றைக்குச் சொல்லவில்லை. வாய் வரவில்லை. கடைசியாக அவர், "ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க மேடம். உள்ள போறது எப்படின்னு எல்லாரும் சொல்றாங்க. பின்னால நமக்கு ஒத்துவரலீன்னா வெளிய வர முடியுங்களா?" என்றார்.

இதுவரை ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மதுரைப் பெண் அழைப்பில்தான் இருந்தாள். அவள் பேனாவை அழுத்தி அழுத்தி எடுக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"நாங்க இன்னும் வெளிய வர முயற்சி பண்ணலைங்க," என்றேன்.

அந்த அம்மாள், "சரிங்க, புரிஞ்சுதுங்க," என்றார்.

அழைப்பு முடிந்ததும் மதுரைப் பெண் தனியாகப் போன் செய்தாள். "சூப்பரா சொன்னீங்க மேடம். வெளிய போகணும்னு தோணவே இல்லைன்னு எவ்வளவு அழகா சொல்லிட்டீங்க," என்றாள். நான் திருத்தவில்லை. மீட்டிங் ரூம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். சுவரில் பெரிய டிவியில் அலர்ட்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த சில நாட்களில், வேலைக்கு நடுவே, எங்கள் பக்கங்களையெல்லாம் வெளியே எடுக்க முயன்று பார்த்தேன். அதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் எல்லாம் வந்தது. ஆனால் வந்தது நான் எழுதியதாகத் தெரியவில்லை. படங்கள் தனியாகவும் எழுத்துகள் தனியாகவும் கிடந்தன. எந்தப் படம் எந்த அலமாரி என்று பெயர் இல்லை, வெறும் எண். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போட்டிருந்த இணைப்புகள் எல்லாம் அறுந்திருந்தன. பாஸ்வேர்டுகளைத் தனியாக ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ‘தாழ்ப்பாளைச் சற்று மேலே தூக்கி இழுத்தால்தான் திறக்கும்’ என்ற வரி கிடைத்தது. எந்தக் கதவு என்று அதில் இல்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. முடிவதற்கு மூன்று மாதம் முன்னதாக வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால் அதுவாகவே இன்னொரு மூன்று வருஷம் நீளும்.

"இப்ப ஒண்ணும் மாடோக்காகல்லம்மா," என்றார். ஒன்றும் செய்ய முடியாது என்று அர்த்தம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவுமில்லாம, உன் போட்டோ அங்க இருக்கிறதாலதான் அந்தப் பூ கம்பெனி நம்மகிட்ட வந்துச்சு. தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

நான் வேறு வேலை தேட முடிவு செய்தேன். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு பயோடேட்டா எழுதினேன். என் மகள்தான் அதை அழகாகப் போட்டுக் கொடுத்தாள். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. எங்களைவிடப் பல மடங்கு பெரியது, ஆனால் இதே தொழில்தான். என் கணவர் பக்கத்திலேயே ஹெப்பகோடியில் ஒரு பேக்டரியில் சூப்பர்வைசர். காலையில் அவரோடு போய், சாயங்காலம் அவரோடு திரும்பலாம் என்று கணக்குப் போட்டோம். தூரம்தான். ஆனாலும் வேறு இடம், வேறு முகங்கள், முக்கியமாக வேறு திரை என்று நினைத்தேன்.

இன்டர்வியூ அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். நான் உள்ளே நுழைந்ததும் அவர்களில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"மேடம், உங்களைப் பார்த்திருக்கேன். ஜன்னல் பக்கத்துல நிப்பீங்களே."

நான் தலையாட்டினேன்.

"நாங்க வாங்கினதே உங்க வீடியோ பார்த்துட்டுதான்," என்றார். பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "நான் சொன்னேன்ல, அவங்கதான் இவங்க," என்றார். அப்புறம் கேள்விகளே இல்லை. அவர்கள்தான் பேசினார்கள். போன மாதம்தான் அந்த மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அலர்ட் தாங்க முடியவில்லை. அதை ஒழுங்குக்குக் கொண்டுவர அனுபவம் உள்ள ஒருவர் வேண்டும். அதற்குத்தான் இந்த வேலை. "உங்களைவிட யாரு மேடம் கிடைப்பாங்க?"

ஏதோ ஒரு காகிதக் கோப்பையில் காபி கொடுத்தார்கள். குடித்தேன். அவர்களுடைய சுவரிலும் ஒரு டிவி இருந்தது. அதே சிவப்பு.

வெளியே வந்து கணவருக்கு மெசேஜ் போட்டேன். ஷிப்ட் முடிந்து அவர் வரும்வரை ஹெப்பகோடி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"என்ன பண்ணப் போற?"

"அங்க போனாலும் அதேதாங்க. இங்கயாவது பக்கமெல்லாம் நான் எழுதினது."

"அப்ப வேணாம்னு சொல்லிடு."

"வேணாம்னு சொன்னா இங்கயே இருக்கணும்."

சில்க் போர்டு சந்திப்பு வரைக்கும் பஸ் ஊர்ந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். எங்கள் ஜன்னலை ஒட்டி நின்ற டெம்போவில் டிரைவர் ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இறங்கி நடக்கலாமா என்று கேட்டேன். "எங்க நடக்கறது இங்க?" என்றார் அவர். உண்மைதான், நடக்க இடமே இல்லை.

அந்த வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

அதன் பிறகு கோபத்தில்தான் ஒரு காரியத்தைத் தொடங்கினேன். எங்கள் குழுவில் இருந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்தேன். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம், அலர்ட்களை ஒவ்வொரு வகையாக எடுத்து, இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, வேண்டாததை அணைத்தோம். அப்டேட் வந்து திரும்ப எழுப்பினால் திரும்ப அணைத்தோம். பேக்கப் அலர்ட்டை மட்டும் வேறு நிறத்தில் மாற்ற வழி இருக்கிறதா என்று தேடினோம். ஒரு மெனுவுக்குள் இன்னொரு மெனுவுக்குள் அது இருந்தது. மாதக்கணக்கில் ஆனது. ஒருநாள் சுவரிலிருந்த டிவியில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்து ஒருவர் வயரை ஆட்டிப் பார்த்தார்.

அழைப்புகள் நிற்கவில்லை. ஆனால் நான் பேசும் விதம் மாறியது. கொல்கத்தாவிலிருந்து ஒருவர் கேட்டபோது, "வாங்கினா முதல் மாசமே அலர்ட் குறைக்கறதுக்குன்னு ஒரு ஆளைப் போடுங்க. எழுதினதை எப்படி வெளிய எடுக்கறதுன்னு கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. எந்தத் தேதிக்குள்ள வேண்டாம்னு சொல்லணும்னு குறிச்சு வெச்சுக்கோங்க," என்றேன். அவருக்காக இதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னபோது இன்னும் கறாராகக் கேட்டது.

அன்று மாலை மதுரைப் பெண் நேரிலேயே வந்துவிட்டாள். கீழே தெருவிலிருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டே காபி குடித்தோம். முதல்முறையாக என்னை அக்கா என்று கூப்பிட்டாள்.

"நீங்க சொன்னதுல ஒண்ணும் தப்பில்லக்கா. ஆனா இதை நான் மேல எப்படிச் சொல்றது?"

"உள்ளதைச் சொல்லு."

"உள்ளதைச் சொல்ற வேலையில நான் இல்லக்கா." சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டாள். டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "நான் அந்த டூலை ஒருநாள்கூட யூஸ் பண்ணதில்ல. உங்களை மாதிரி ஆளுங்க சொல்றதை வெச்சுதான் நான் பேசறேன். நீங்க நல்லா சொன்னப்ப எனக்கு நிஜமாவே நல்லாயிருக்குன்னு தோணும்."

அவளைத் திட்டவும் என்னால் முடியவில்லை. என்னைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தாள். படத்தை எடுப்பது அவள் கையில் இல்லை என்றாள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதத்துக்கு முடிவுத் தேதி கிடையாதாம்.

அழைப்புகள் நின்றன. பெரிய நிம்மதி என்று எதிர்பார்த்தேன். ஆனால் இரண்டு மூன்று வாரம் கழித்து, யாரோ ஒரு முன்பின் தெரியாதவரிடம் வேலையின் கஷ்டத்தைப் பேச வேண்டும்போல இருந்தது. பேச ஆள் இல்லை. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் ஒருநாள் எப்படியோ என் எண்ணைப் பிடித்து அழைத்தார். வாங்கிவிட்டார்களாம். ஒரு வருஷத்துக்கு மட்டும். "நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னதுக்கப்புறம்தாங்க என் தம்பி ரொம்ப உஷாராயிட்டான்," என்று சிரித்தார். அலர்ட்டை எப்படிக் குறைப்பது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். இப்போதும் எப்போதாவது கூப்பிடுவார்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய தேதி எங்களுக்கும் வந்தது. சார் அதை மறக்கவில்லை. என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்மா. இருக்கலாமா, போகலாமா? நான் தலையிடலை. நீயே சொல்லு."

ஒருநாள் டைம் கேட்டேன். என் இடத்துக்கு வந்து பக்கங்களைத் திறந்து பார்த்தேன். பள்ளிக்கூடம், ஆடிட்டர், பூ கம்பெனியின் குளிர் அறை. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கடைசியாகத் திருத்தியவர் என்று என் பெயர். வேறு டூலுக்கு மாற வேண்டும் என்றால் இதையெல்லாம் மறுபடி உட்கார்ந்து எழுத வேண்டும். ஒவ்வொரு அலமாரிக்கும் மறுபடி போக வேண்டும். அதுவரை இரண்டையும் ஓட்ட வேண்டும். அதை யார் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். வேறு டூல்காரர்களும் மூன்று வருஷம்தான் கேட்பார்கள் என்பதும் தெரியும். கதவு திறந்துதான் இருந்தது. கடந்து போக எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் போய், "இருக்கலாம் சார்," என்றேன்.

அவர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். உடனே நிமிர்ந்து, "மனசாரத்தானேம்மா சொல்றே?" என்றார்.

"அதை விடுங்க சார். ஒரு வருஷத்துக்குக் கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தார். பழைய வாடிக்கையாளர்களுக்கு அப்படி வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டிருந்தபோது கணவர் வந்தார். ஷூவைக் கழற்றிக்கொண்டே என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"இருக்கோம்."

"மறுபடியும் மூணு வருஷமா?"

"மூணு வருஷம்."

அவர் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்று எதையோ கணக்குப் போட்டார். "அதுக்குள்ள பாப்பா காலேஜ்ல பாதி முடிச்சிருப்பா," என்றார்.

எனக்கு அப்படிக் கணக்குப் போடத் தோன்றியிருக்கவில்லை. உள்ளறையில் அவள் சத்தம் போட்டுக் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "போய் முகம் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்," என்று சொல்லிவிட்டு, அடுப்பைச் சிறிதாக்கினேன்.